பூச்சாடியைப் பார்த்துப் பேசியவர்

எங்கள் வீட்டு மேசையில் ஒரு பூச்சாடி இருக்கிறது. வெளிர் பச்சைக் கண்ணாடி, வாயோரத்தில் சின்ன உடைசல். குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து கொண்டுவந்த ஓலை இப்போது அதில் காய்ந்துகொண்டிருக்கிறது. சாடியைத் துடைக்கும்போதெல்லாம் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா என் கண்முன் வந்துவிடுவார். முதுகை நிமிர்த்தி, கழுத்தைத் திருப்பாமல், பூவுக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பேசுகிற கோலத்தில்.

பஹ்ரைனில், மனாமாவில் குதைபியா பகுதியை அடுத்த தெருவில் இருந்த ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் நான் வேலை பார்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். குளச்சல் பக்கத்துக் கடற்கரையைத் தாண்டி எதுவும் தெரியாது. சமையலும் வீட்டு வேலையும்தான் பேச்சு. போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் மேடத்தின் தாயாரையும் பிரான்சிலிருந்து அழைத்து வந்துவிட்டார்கள். தொண்ணூறை நெருங்கிய உடம்பு. இனி இவரைப் பார்த்துக்கொள்வதுதான் உன் டியூட்டி என்றார் மேடம். எனக்கு அன்றிலிருந்தே தூக்கம் போயிற்று. காஸை மூடினேனா, குளியலறைத் தரை காய்ந்திருக்கிறதா, மாத்திரையைக் கொடுத்தேனா என்று ஏற்கெனவே நூறு கவலைப்படுகிறவள். இந்த அம்மாவுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் என் தலையில்தானே விழும்?

பெற்ற மகளுக்கு அவர் மமோன், பிரெஞ்சில் அம்மா. எனக்கு மம்மா. எங்கள் இருவருக்கும் நடுவில் கொஞ்சம் இங்கிலீஷ், மிச்சமெல்லாம் கை ஜாடை. டிரைவரிடம் கற்றுக்கொண்ட அரபுச் சொற்கள், கிளம்பு என்பதற்கு 'யல்லா', முடிந்தது என்பதற்கு 'கலாஸ்', இரண்டையும் ராணி மாதிரி சொல்வார். வந்த வாரமே என்னை ஒரு பயம் பிடித்தது. சாதாரணப் பேச்சு பேசும்போது மம்மா எல்லாரையும்போல அப்படி இப்படித் திரும்பித்தான் பேசுவார். முக்கியமான ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மட்டும் எழுந்து இந்தப் பூச்சாடியின் அருகே போவார். பூவுக்கு நேராகக் குனிந்து, தலையை அசைக்காமல், ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார். கேட்க வேண்டிய ஆள் பின்னால் நிற்பான். அவரோ பூவிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் டிரைவர் காக்காவிடம் போய்ப் புலம்பினேன். அவர் காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். "காக்கா, பெரியம்மாவுக்கு மண்டைக்குள்ள என்னமோ ஆயிட்டு. பூவுகூட பேசுதாங்க."

"பூ பதில் சொல்லிச்சின்னா மட்டும் எனக்கு போன் போடு தங்கச்சி. வண்டிய எடுத்துட்டு வாரேன்" என்றார் அவர்.

கடைசியில் மேடம்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். மம்மா சின்ன வயதில் சினிமாவில் நடித்தவர். படங்கள் பேச ஆரம்பித்த புதிது. அப்போதெல்லாம் மைக்கைப் பூச்சாடிக்குள்ளேயோ விளக்குக்குப் பின்னாலேயோ ஒளித்து வைப்பார்களாம். அதற்குப் பக்கத்தில் நின்று, முகத்தைத் திருப்பாமல் பேச வேண்டும். திரும்பினால் குரல் போய்விடும். அந்தப் பழக்கம் எழுபது வருஷம் ஆகியும் அவரை விடவில்லை. காக்காவிடம் சொன்னபோது வாயைப் பிளந்தார். "எங்கூர்ல சினிமாக் கொட்டாயே கிடையாது தங்கச்சி. படம் பாக்கணும்னா திருச்செந்தூருக்கு ஓடணும். அப்படிப்பட்ட ஊர்க்காரன் ஒரு ஈரோயினுக்கு வண்டி ஓட்டுறேன் பாத்துக்க!"

அதற்குப் பிறகு மதிய வேளைகளில் கால் பிடித்துவிடும்போது மம்மா தன் கதையைச் சொல்லுவார். புரியாததை மேடத்திடம் கேட்டுக்கொள்வேன். அந்தக் காலத்தில் ஒரே படத்தை இரண்டு மொழிகளில் இரண்டு தடவை எடுப்பார்களாம். பெர்லினில் ஒரே செட். முதலில் ஜெர்மன் நடிகை நடித்துவிட்டுப் போவாள். அவள் கழற்றிப் போட்ட கவுனை, சூடு ஆறும் முன்னே மம்மா மாட்டிக்கொள்வார். அவள் கொஞ்சம் பருத்தவள், அதனால் முதுகுப் பக்கம் வரிசையாக ஊசி குத்தி இறுக்குவார்கள். அவள் நின்ற இடத்தில் நின்று, அவள் நடந்த மாதிரி நடந்து, அதே வசனத்தைப் பிரெஞ்சில் பேச வேண்டும். எல்லாம் அவள் போட்டுவைத்த தடத்திலேயே. ஒரே ஓர் இடம் மட்டும் வேறு. கடைசியில் காதலன் பிரிந்து போகிறான், நாயகி மாடிப்படி மேலே நின்று வழியனுப்புகிறாள். "அவள் அழுதாள். நான் டைரக்டரிடம் சண்டை போட்டேன். நான் சிரித்தேன்" என்று சொல்லி மம்மா மார்பில் கை வைத்துக்கொள்வார். அது ஒன்றுதான் தன்னுடையது என்பதுபோல.

இப்படிச் சில படங்கள். பிறகு டப்பிங் என்று ஒன்று வந்தது. ஒரு படத்தை இரண்டு தடவை எடுக்கும் செலவு எதற்கு? மம்மாவின் முகம் வேண்டாம், குரல் போதும் என்றுவிட்டார்கள். இருட்டறையில் நின்று வெளிநாட்டு நடிகைகளின் உதட்டுக்குப் பேசினார். கல்யாணமானதும் அதுவும் நின்றது. நடித்த படங்கள் எல்லாம் யுத்தத்தில் போய்விட்டன என்றார்கள். இளம் வயதில் தான் சிரித்த அந்தச் சிரிப்பை மறுபடி ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். மம்மாவுக்கு மிச்சமிருந்த ஆசை அவ்வளவுதான். பேரப்பிள்ளைகளோ பாட்டி நடிகையாக இருந்ததையே பாதிதான் நம்பினார்கள்.

மேடம் யார் யாரிடமோ சொல்லி வைத்து, அந்தப் படத்தின் டிவிடி வந்தே விட்டது. வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டோம். மம்மா உதட்டுக்குச் சாயம் பூசி, பட்டு ஸ்கார்ஃப் கட்டி, எனக்குக்கூட ஒரு நாற்காலி போடச் சொன்னார். காக்கா வாசற்படியில் டீ கிளாஸோடு நின்றார். எழுத்து ஓடத் தொடங்கியதும் மேடத்தின் முகம் மாறியது. அவர் கணவரான சாரும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தப்பிப் பிழைத்திருந்தது ஜெர்மன் படம்.

திரையில் அந்த ஜெர்மன் நடிகை வந்தாள். மம்மா முதலில், தெரிந்த ஆளைக் கடைவீதியில் பார்த்ததுபோல "ஆ, இவளா!" என்று சிரித்தார். பிறகுதான் விஷயம் உறைத்தது. அவருடைய கவுன், அவருடைய வீடு, அவருடைய காதலன். நடுவில் இன்னொருத்தி. மேடம் ரிமோட்டை எடுத்தார். மம்மா வேண்டாமென்று கை காட்டினார்.

ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். பிறகு மேசையை நோக்கி நகர்ந்து, பூச்சாடிக்கு நேராகக் குனிந்து பேசத் தொடங்கினார். திரையில் அவள் ஜெர்மனில் பேச, இங்கே மம்மா பிரெஞ்சில். ஆரம்பத்தில் பின்தங்கினார், திணறினார். போகப் போக அவள் உதடும் இவர் குரலும் ஒட்டிக்கொண்டன. கிசுகிசுத்துக்கொண்டிருந்த பேரப்பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். சார் டிவியின் சத்தத்தை மெல்லக் குறைத்தார். அந்தக் குரல் தொண்ணூறு வயதுக் குரல் இல்லை. எனக்குப் புல்லரித்தது. "தங்கச்சி, நம்ம மம்மா அவளுக்குள்ள பூந்துட்டாங்க" என்றார் காக்கா.

மாடிப்படிக் காட்சி வந்தது. அவள் படியில் ஏறினாள். மம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.  டாக்டர் ஏற்கெனவே இதயம் பலவீனம் என்று சொல்லியிருந்தார். மேடத்தால் தாங்க முடியவில்லை. ரிமோட்டை அழுத்திவிட்டு ஓடிப்போய்த் தாயாரைக் கட்டிக்கொண்டார். போதும் மமோன், களைத்துவிட்டாய், இன்னொரு நாள் பார்க்கலாம். நான் மாத்திரைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது மம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. மாடிப்படி, மாடிப்படி என்று ஏதோ கேட்டார். எல்லாரும் சேர்ந்து அவரைக் கட்டிலுக்கு அழைத்துப் போனோம். பாசத்தில் செய்ததுதான். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் திரையில் அவள் அழப்போகிற அந்த நிமிஷத்தில், இவர் சிரிப்பதற்காக மூச்சை இழுத்து வைத்திருந்தார் என்பது பிறகுதான் எனக்குப் பட்டது.

மறுநாள் மேடம் மறுபடி போடட்டுமா என்று கேட்டார். "கலாஸ்" என்றார் மம்மா. ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு அவர் பூச்சாடிக்கு அருகில் போகவே இல்லை. எதைச் சொன்னாலும் எல்லாரையும்போலத் திரும்பித் திரும்பிப் பேசினார். வேளாவேளைக்குச் சாப்பிட்டார், மாத்திரை போட்டுக்கொண்டார். என் கவலைகளுக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. அந்தக் கோடையில் பிரான்சுக்குப் போனவர் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மேடம் வீட்டைக் காலி செய்யும்போது, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். நான் இதை எடுத்துக்கொண்டேன். மிக்ஸியை விட்டுட்டு இதையா எடுத்தே என்று காக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது என் மகனும் வளைகுடாவில், ருவைஸில் ரிஃபைனரி வேலையில் இருக்கிறான். டியூட்டி முடிந்து ரூமுக்கு வந்ததும் வீடியோவில் கூப்பிடுவான். போனைச் சாய்த்து வைக்க இந்தப் பூச்சாடிதான் தோது. நேற்றும் கூப்பிட்டான். கூரை ஒழுகுவது, அவன் இருமல், அங்கே அடிக்கும் வெயில் என்று என் கவலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, போட்டோவுக்கு நிக்க மாதி வெறச்சிட்டு நிக்க? கொஞ்சம் திரும்பி வீட்டக் காட்டேன்" என்றான்.

"திரும்புனா சத்தம் போயிரும் மக்கா."

அவன் சிரித்தான். "சரிம்மா, போதும். நீ களைச்சிருப்ப. வச்சிரட்டா?"

"வைக்காத" என்றேன், ஓலைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய். "நான் இன்னும் முடிக்கல."