ஆடாத பச்சைக் கோடு

அந்த அம்மாளுக்கு எதைக் கண்டாலும் பயம். கேஸை அணைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்புவாள். தெருமுனைக்குப் போனதும் நெஞ்சு திக்கென்றாகித் திரும்பி ஓடி வருவாள். லிஃப்டில் ஏறமாட்டாள், பாதியில் நின்றுவிட்டால்? யாராவது மணி அடித்தால் நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால்தான் கதவைத் திறப்பாள், ஏதோ கெட்ட சேதி கொண்டுவந்துவிட்டார்கள் என்று. இப்படிப்பட்டவளுக்குப் புருஷன் வேறென்ன பெயர் வைப்பார்? பயந்தாங்கொள்ளி என்று வைத்தார்.

அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மைக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால், பெஞ்சில் குறட்டை விடுகிறவன்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிடுவான். அப்படியொரு கணீர்க் குரல்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், அவருக்குச் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். கூட்டத்தைப் பார்த்ததும் மிரண்டுபோய் ஒரு தூணோரம் ஒட்டிக்கொண்டாள். முன்னாலும் போகத் தெரியவில்லை, பின்னாலும் வரத் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தபோது, ஒலிபெருக்கி அத்தனையிலும் ஒரே நேரத்தில் அவர் குரல் கேட்டது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவளைப் பார்த்துவிட்டிருக்கிறார். "சாப்பாட்டுக் கூடையுடன் நிற்கும் அம்மா பயப்பட வேண்டாம். நின்ற இடத்திலேயே நிற்கவும். அறிவிப்பாளர் வந்துகொண்டிருக்கிறார்." நிலையமே சிரித்தது. அவளுக்கு மானம் போயிற்று. கூடவே பயமும் போயிற்று பாருங்கள், அதுதான் அதிசயம்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தக் குரல்தான் தைரியம். எந்த அறையில் இருந்தாலும் "ஏய் பயந்தாங்கொள்ளி, எங்க இருக்க?" என்று ஒரு சத்தம் போடுவார். "இங்கதான் இருக்கேன்" என்பாள். வேறு சேதி ஒன்றும் இருக்காது. ஆனால் அந்தச் சத்தம் வந்தால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் குரலில்தான் வந்தது வினை. முதலில் கரகரப்பு. மாத்திரை போட்டார்கள், கேட்கவில்லை. கடைசியில் பெரிய டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையில் புற்று, அதை முழுசாக எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார், பேச்சு மட்டும் இருக்காது என்றார். ஆள் இருப்பார், குரல் இருக்காது என்றால் அந்த வீட்டில் அவள் எப்படி இருப்பாள்?

மகள் வெளியூரில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. மாசமாக வேறு இருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் ஓடி வந்தாள். "பிறக்கப்போற குழந்தை தாத்தா குரலைக் கேட்கணும்மா. அப்பா மனசுல இருக்கிறதையெல்லாம் பேசட்டும், பதிவு பண்ணிடலாம்" என்று தன் பழைய கம்ப்யூட்டரை மேஜையில் வைத்து, கேமராவை மாட்டி, மைக்கைப் பொருத்தி, ஏதேதோ செட்டிங்ஸெல்லாம் தட்டி முடித்தாள். கிளம்பும்போது, "இந்த சிவப்புப் பட்டனை அமுக்கினா ஆரம்பிக்கும், திரும்ப அமுக்கினா நின்னுடும். வேற எதையும் தொடாதேம்மா" என்றாள்.

யாரிடம் போய் என்ன சொன்னாள் பாருங்கள்! தொடு என்றாலே தொடாதவள்.

சாயங்காலம் ஆனால் மைக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் உட்காருவார். தொண்டையை வருத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மெதுவாகத்தான் பேசுவார். நிலையத்தில் தொலைந்த பிள்ளைகள் கதை, பெண்டாட்டியை மறந்துவிட்டுப் பஸ் ஏறிப் போனவன் கதை, தன் அம்மா கதை. அவள் மூச்சு விடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு. அவர் இருமினால் துள்ளும். பேசும்போது ஆடாமல் அசையாமல் கிடக்கும்.

அது அவளுக்கு உறுத்தியது. உறுத்தாமல் என்ன? ஆனால் கேட்டால் அவர் சிரிப்பார், மகள் சலித்துக்கொள்வாள். பதிவானதைப் போட்டுப் பார்க்கலாமென்றால், தொட்டு அழிந்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதற்கு முந்தின நாள் மத்தியானம் அவர் குளிக்கப் போனார். அவள் அவருடைய துண்டுகளை மடித்துப் பையில் வைத்தாள். மனசு கேட்கவில்லை. முதல் பதிவைத் தட்டினாள்.

அவர் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. கை ஆட்டிச் சிரித்தார். சத்தம் இல்லை. திடீரென்று ஒரு இருமல் மட்டும் அறையே அதிர வந்து, மறுபடி அடங்கிப்போனது. தன் காதுதான் போய்விட்டது என்று முதலில் நினைத்து மேஜையைத் தட்டிப் பார்த்தாள். தட்டிய சத்தம் நன்றாகக் கேட்டது. அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் அவர் ஊமையாக உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே பார்த்தது போல் இருந்தது அவளுக்கு.

போனில் மகளைக் கூப்பிட்டாள். பச்சைக் கோட்டைப் பற்றிச் சொன்னதும் மகளுக்குப் புரிந்துவிட்டது. "அய்யோ அம்மா... ஃபேன் சத்தம், தெருச் சத்தமெல்லாம் விழாம இருக்கட்டும்னு நான்தான் அதுல ஒரு ஃபில்டர் போட்டேன். வாசல்ல காவலாளி மாதிரி அது. சத்தமா வந்தாத்தான் உள்ள விடும். அப்பா மெதுவாப் பேசினதை வெளியவே நிறுத்திடுச்சு. இனி அது திரும்ப வராதும்மா..." என்று விம்மி அழ ஆரம்பித்தாள்.

"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம்" என்றாள் பயந்தாங்கொள்ளி. "இப்ப எதைத் தொடணும்னு சொல்லு."

மகளுக்கே தூக்கிவாரிப் போட்டது. மைக் பெயருக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி, அதற்குள் ஃபில்டர், அதன் பக்கத்தில் கண் மாதிரி ஒரு படம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, இவள் சொன்னபடியே தட்டினாள். கண் மூடிக்கொண்டது, ஃபில்டர் நின்றுவிட்டது. "ஏதாவது பேசும்மா" என்றாள் மகள். என்ன பேச? "பயமா இருக்கு" என்று முணுமுணுத்தாள். பச்சைக் கோடு துள்ளியது.

அவரிடம் யார் சொல்வது? துவட்டிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கோடு ஆடாததைப் பார்த்தும் சொல்லாமல் இருந்ததையும் சொன்னாள். திட்டுவார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். திட்டினாலும் தேவலை, கேட்டுக்கொள்ளலாம்.

"இத்தனை வருஷம் மைக் டெஸ்டிங் சொல்லாம நான் வாயைத் திறந்ததே இல்ல" என்றார் அவர், கரகரத்துக்கொண்டு. "வீட்டு மைக்தானேன்னு விட்டுட்டேன். உன்னை எதுக்குத் திட்டணும்? ஆன் பண்ணு."

பண்ணினாள். ஃபேன் கடகடத்தது, கீழே யாரோ வண்டியை உதைத்தார்கள், எல்லாம் சேர்ந்தே விழுந்தது. "குட்டி, தாத்தா பேசறேன்" என்று ஆரம்பித்தார். ஒரே ஒரு கதை முடிவதற்குள் தொண்டை அடைத்துவிட்டது. போன கதைகள் போனவைதான். அவளை வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். அவள் சொம்போடு திரும்பியபோது கம்ப்யூட்டரை விட்டு அவசரமாக நகர்ந்து, "நான் எதையும் தொடலைப்பா" என்று கிசுகிசுத்துக் கண்ணடித்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூச்சு விடக் கழுத்தில் போட்ட துளையோடு அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். படுக்க வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனவளுக்கு அங்கிருந்து திரும்பி வரக் கால் எழவில்லை. வீடு அப்படி ஓய்ந்து கிடந்தது. துளை அடைத்துக்கொண்டால்? மூச்சுத் திணறினால் எப்படிக் கூப்பிடுவார்? போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் போய்ப் பார்த்து அவர் அசையாமல் கிடந்தால்? கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒட்டி நின்றாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

கிண்ணம் கை நழுவிக் கீழே விழுந்தது.

கரகரத்த குரல்தான். பின்னால் ஃபேன் சத்தம். ஆனால் அவர் குரல். "சாப்பாட்டுக் கூடையுடன் நிற்கும் அம்மா பயப்பட வேண்டாம். நின்ற இடத்திலேயே நிற்கவும். அறிவிப்பாளர் வந்துகொண்டிருக்கிறார்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. பிறகு செருப்பு தேய்கிற சத்தம், மெதுவாக, அடுப்படியை நோக்கி வந்தது.