சிவப்புத் துணி கட்டிய போத்தல்

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடியபோது எனக்குப் பதின்மூன்று வயது, தங்கச்சிக்கு எட்டு. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் போனில் படித்தார்களாம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னலும் இல்லை, எங்களிடம் போனும் இல்லை. அம்மா தெரணியகலைப் பக்கம் ஒரு முதலாளியின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனாள். பிள்ளைகள் சும்மாதானே இருக்கிறார்கள், கூட்டிக்கொண்டு வா என்று முதலாளி சிங்களத்தில் சொன்னார். சும்மா இருந்தோமாம்! அவருடைய பிள்ளைகள் மட்டும் மலையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள் போல.

அம்மா மரப்பட்டையை வெட்டிவிட்டுப் போவாள். சிரட்டைகளில் வடிந்த பாலை நான் வாளியில் சேர்த்துக் கொட்டகைக்குச் சுமப்பேன். தங்கச்சி அதை வடிகட்டித் தட்டுகளில் ஊற்றுவாள். பால் உறைவதற்கு அம்மா அசிட்டைத் தண்ணீரில் கலந்து வைப்பாள். அதைப் பாலில் விட்டுக் கையால் கலக்குவது தங்கச்சி வேலை. கையுறையாவது மண்ணாங்கட்டியாவது! அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. இரவில் சோறு பிசைய முடியாமல் அழுவாள், நான் ஊட்டிவிடுவேன்.

அசிட்டைச் சோடாப் போத்தலில்தான் வைத்திருந்தோம். குடிதண்ணீரும் அதே மாதிரிப் போத்தலில், அதே பலகையில். பார்த்தால் இரண்டும் தண்ணீர்தான். அடையாளத்துக்கு அசிட் போத்தலின் கழுத்தில் அம்மா சிவப்புத் துணி கட்டியிருந்தாள். அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

"சிவப்பக் கண்டா கை வைக்கக் கூடாது, வெளங்குதா?" என்று தங்கச்சியின் காதைத் திருகித் தினமும் சொல்லுவாள்.

நாற்றம் காட்டிக்கொடுக்காதா என்று கேட்பீர்கள். நாள் முழுக்க அந்தக் கொட்டகையில் நின்று எங்கள் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது.

அன்றைக்குக் காலையிலேயே வானம் கறுத்துவிட்டது. ஓர் இலை அசையவில்லை. முதலாளி வந்து, காய்ந்த ரப்பர் ஷீட்டைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். அதில் முடி ஒட்டியிருந்தது, தங்கச்சியின் முடி. அம்மா பதறிப்போய், கைக்கு எட்டிய சிவப்புத் துணியைப் போத்தலிலிருந்து அவிழ்த்து அவள் தலைமுடியை இறுக்கிக் கட்டினாள்.

"மழைக்கு முந்திப் பால எடுத்துருவோம் வாடி. அப்புறம் போத்தலுக்கு வேற துணி கட்டிக்கலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பாதி மரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான் வாளியோடு திரும்பியபோது தங்கச்சி தட்டுகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தாள். இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்திருந்தாள். வாயைச் சுற்றி வெளுத்திருந்தது. மூடி திறந்த போத்தல் பக்கத்தில் உருண்டு கிடந்தது.

ஆஸ்பத்திரியில் முதலாளி முந்திக்கொண்டு, வீட்டில் விளையாடும்போது எதையோ குடித்துவிட்டாள் என்று சொன்னார். படுபாவி. எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

தங்கச்சி பிழைத்தாள். இன்றுவரை சோறு இறங்காது, கஞ்சிதான். வார்டில் அவளுக்குக் குரல் வந்த முதல் நாள், அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏண்டி பாவி, பாக்காமலா குடிச்ச?"

தங்கச்சி திட்டு வாங்கிய பிள்ளையாக முழித்தாள். கரகரவென்று காற்று மாதிரி ஒரு குரல் வந்தது.

"பாத்தேம்மா. சிவப்பு இல்லாததத்தான் எடுத்தேன்."