பாயசத்துக்குப் பிறகு ரசம்

பாயசம் வந்தால் சாப்பாடு முடிந்தது என்று யார் சொன்னது? எங்கள் நாஞ்சில் நாட்டுப் பந்தியில் பாயசம் பாதி வழிதான். அடைப்பிரதமனை இலையிலேயே விட்டு, பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிப் பிசைந்து வழித்துத் தின்ற பிறகு மறுபடியும் சோறு வரும், ரசம் வரும், மோர் வரும். சென்னைக்காரர்களே இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தித்திப்போடு எழுந்துபோகிற நாக்கு எங்களுக்கு இல்லை.

என் மருமகன் ஜெர்மனிக்காரர். மகளைக் கட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கே குடிவந்துவிட்டார். என் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை; கல்யாணத்துக்கும் வரவில்லை. மகள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாமா ஒரு தடவை அவரோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிட வேண்டும். நான் போய்க் கெஞ்சி, சண்டையும் போட்டு, அண்ணனை விருந்துக்கு வரவழைத்தேன்.

பரிமாற ஆள் வைத்திருந்ததால் நானும் அதே பந்தியில் உட்கார்ந்தேன். மருமகன் நீண்ட காலை மடக்க முடியாமல் மடக்கி, கையால் பிசைந்து அழகாகத்தான் சாப்பிட்டார். பிரதமன் முடிந்தது. அவர் ஊரில் இனிப்போடு எல்லாம் முடிந்துவிடும். திருப்தியாகச் சிரித்துக்கொண்டே இலையை மூடினார். அதுவும் தன் பக்கமாக இல்லை, எதிர்ப்பக்கமாக. எங்கள் பக்கம் சாவு வீட்டில்தான் அப்படி மூடுவோம்.

ரச வாளியோடு வந்தவன் நின்றுவிட்டான். எதிர் வரிசையில் அண்ணன் முகம் கறுத்தது.

"ஏட்டி, இது என்ன துட்டி வீடா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே தரையில் கையூன்றி எழப் பார்த்தார். பாதிப் பந்தியில் ஒருவர் எழுந்து போனால் அந்த வீட்டோடு உறவு முடிந்தது என்று அர்த்தம். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மருமகன் என்ன தவறென்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கடல் தாண்டி வந்து எங்கள் சோற்றை எங்களைப் போலவே தின்கிற மனிதரை ஒரு வாழையிலை விரட்டுமா?

ரசத்துக்கு என் இலையில் இன்னும் சோறு விழவில்லை. அப்படியே எதிர்ப்பக்கமாக மூடினேன்.

"எனக்க மருமவன் மூடுன பக்கந்தான் இந்த வீட்டுக்கு மங்களம். நீங்க இருந்து ரசம் குடிங்க, அண்ணா."

மகளும் அதே பக்கமாக மூடினாள்.

அண்ணன் ஊன்றிய கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு உட்கார்ந்தார். ரசம் வாங்கினார், மோர் வாங்கினார், கடைசியில் இலையைத் தன் பக்கமாக, எல்லோரும் பார்க்கும்படி அழுத்தி மூடினார். மூடட்டும். அவர் கை நனைத்து முடிக்கும்வரை என் மருமகனும் எழவில்லை. மகள் கேட்டது நடந்துவிட்டது. எனக்குத்தான் அன்று ரசம் கிடைக்கவில்லை.