மாமன் மடியும் அப்பளக் கவரும்

அவனியாபுரத்து அப்பளக் கம்பெனியில் வேன் ஓட்டும் அழகுபாண்டியை யாரும் வேவு பார்க்கச் சொன்னதில்லை. ஆனாலும் மனிதருக்குக் கண் சும்மா இருக்காது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் சமையல் கொட்டகைக்குள் தலையை நீட்டிவிடுவார். யாருடைய அப்பளம் பொரிகிறது, எண்ணெய் எவ்வளவு குடிக்கிறது, எந்த ஊரில் புதுக் கடை வருகிறது, எல்லாம் வசூலாகிவிடும். காலையில் வேன்கள் கிளம்புமுன் டீ குடிக்கிற நேரத்தில், மாவு பிசைகிறவர்கள்கூட ஆளுக்கொரு சேதியைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். முதலாளி ஹரிராம் டீ ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டு நிற்பார். கம்பெனியின் பாதிப் பிழைப்பு அந்த டீயில்தான் ஓடுகிறது.

போன ஆவணியில் பேரையூர்ப் பக்கம் குலசாமி கோயிலில் தங்கை கனகலட்சுமியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கனகலட்சுமிக்கு இருப்பதோ ஒரே அண்ணன். ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார், நல்ல நேரம் முடியப் போகிறது, மாமனைக் காணோம்.

மாமன் அடுப்படியில் இருந்தார். சட்டியில் பொரிந்த அப்பளம் அவர் இதுவரை கண்டிராத தினுசு. மிளகு தூவி, பூரி மாதிரி உப்பியது. எந்தக் கடையில் வாங்கியது, யார் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று சமையல்காரர் தவசியைத் துருவிக்கொண்டிருந்தார். கம்பெனிப் பெயரைச் சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம் என்று காலிக் கவரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது தங்கை வந்து நின்றாள். அவள் சத்தம் போடவில்லை.

"அண்ணே, பிள்ளைய வேற யாரு மடியிலயாச்சும் உக்கார வச்சுக்கிறட்டா?"

அதற்குப் பதில் அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அழகுபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மடியில் வைத்ததும் பிள்ளை வீறிட்டாள். துள்ளிய துள்ளலில் மாமன் பையில் சரசரத்த கவர் கைக்கு அகப்பட, அழுகையை நிறுத்தி அதைக் கசக்க ஆரம்பித்தாள். ஆசாரி அந்த நேரம் பார்த்து இரண்டு காதையும் முடித்துவிட்டார். கனகலட்சுமி அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். அழகுபாண்டிக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் டீ நேரத்தில் பேரையூரில் யாருடைய அப்பளம் என்று ஹரிராம் கேட்டார். மிளகு போட்டது என்பதோடு அழகுபாண்டியின் சேதி நின்றுவிட்டது. கம்பெனிப் பெயரை அவர் படிக்கவே இல்லை. கவராவது எங்கே என்றார் முதலாளி.

"மருமக கையில இருக்கு மொதலாளி. தூக்கத்துலயும் விடல. பிடுங்க மனசு வரல."