கீழே சுழித்த ளை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த டியூஷன் நிலையத்தில், கட்டுரைத் தாள்களுக்கு அலுவலக எழுத்தர்தான் பொறுப்பு. ஒல்லியான மனிதர். எழுதியவர் யாரென்று தெரியாமலிருக்க மாணவர்கள் பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும்தான். திருத்திய தாள்களைக் கட்டி இரும்பு அலமாரியில் பூட்டுவார், பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார், ஓராண்டு கழித்து எரித்துவிடுவார்.

நானும் அங்கே படித்தவள்தான். அந்த எண்ணை நம்பி, 'என் வீடு' என்ற கட்டுரையில் அப்பாவின் பெல்ட்டைப் பற்றி எழுதினேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, அங்கேயே கட்டுரை திருத்தப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. 'முப்பது கட்டுரைகளைப் பெற்றுக்கொண்டேன்' என்று பதிவேட்டில் எழுதினேன். அவருடைய விரல் அந்த வரியில் நின்றது.

"இன்னும் தும்பிக்கை வச்ச பழைய ளை போடுறீங்க டீச்சர். எல்லாரும் புது எழுத்துக்கு மாறியாச்சு லா."

"கை பழகிடுச்சு அண்ணே."

"தும்பிக்கைய கீழ வரைக்கும் இழுத்து, நுனியில ஒரு சுழி. இப்படி ஒரே ஒரு தாள்தான் பார்த்திருக்கேன்."

அலமாரியைப் பூட்டினார். மூன்று முறை இழுத்தார். திரும்பாமலே கேட்டார்: "அப்பா இன்னும் பெல்ட்ட எடுக்கிறாரா?"

"அதை எரிச்சிட்டீங்கதானே அண்ணே?"

"எரிச்சிட்டேன். எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் எரிப்பேன்."

அது அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன். முப்பது பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். தலைப்பு, 'என் வீடு'.