பாதித் தலை பாக்கி

இடது காலால் நாற்காலியின் அடித்தண்டில் ஓர் உதை. உட்கார்ந்திருப்பவர் தலையோடும் போர்த்திய துணியோடும் சுழன்று, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்பார். அதன் பிறகுதான் சலூன்காரர் சீப்பைக் கையில் எடுப்பார். பல வருடங்களாக இதே உதைதான். நாற்காலி போய் நிற்கும் திசை மட்டும் மாறும்.

மழைக்காலம் என்றால் குளத்தைப் பார்த்த ஜன்னல். பனி இறங்கும் மாதங்களில் பின்வாசல். அங்கிருந்து பார்த்தால் வயல் முழுக்கப் பால் பொங்கி வழிந்தது போல இருக்கும். வெயில் ஏறிவிட்டால் தெருப்பக்கம், எதிரே நிற்கும் இலவ மரம். காற்றுக் காலத்தில் மட்டும் அவருக்கே முடிவு பிடிபடாது. ஒரே தலைக்கு மூன்று நான்கு உதை விழும். முடி வெட்டிக்கொண்டு இறங்கியவர் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

"என் மூஞ்சிய நான் பாக்க வேணாமாண்ணே?" என்று பால்காரர் ஒருமுறை கேட்டார்.

"அதத்தான் தினமும் நாங்க பாத்துத் தொலைக்கிறோமே. நீ வெளிய பாரு."

ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் கடை. தகரக் கூரை. நடுவே ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் மனைவியின் தையல் மிஷின். இந்தப் பக்கம் யார் என்ன பேசினாலும் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும், மிஷின் நிற்காமலே.

சலூன்காரருக்குப் பறவைகளின் பெயரோ செடிகொடிகளின் பெயரோ தெரியாது. எல்லாவற்றையும் தலையை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். கொண்டை சிலுப்பிய பறவை "தூங்கி எந்திரிச்சு சீவாம வந்தவன்". கொக்கு "நம்ம கடைக்கு வராமலே அழகா இருக்குற ஆளு". இலையெல்லாம் கொட்டி நிற்கும் இலவ மரத்தைப் பார்த்து, "மொட்டை போட்டுக்கிட்டான். இருக்கட்டும், திரும்ப முளைக்கிறப்ப சுருட்டையா முளைக்கும்" என்பார். மனைவியின் தம்பி அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன். அவன் ஒருநாள் புத்தகம் புரட்டி, கொண்டைப் பறவையின் பெயரைக் கண்டுபிடித்துச் சொன்னான். சலூன்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி மாப்ள. அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குமா?"

மைத்துனன் புத்தகத்தை மூடிவிட்டான்.

இவற்றின் மேலெல்லாம் இத்தனை பிரியம் இருந்தும் மழை வருவதைச் சரியாகச் சொல்வாரா என்றால், அதுவும் இல்லை. "இன்னைக்குச் சாயங்காலம் ஊத்தப்போகுது பாருங்க" என்று அவர் சொன்னால், அக்கம்பக்கத்துப் பெண்கள் நிம்மதியாகத் தானியத்தை வெயிலில் பரப்புவார்கள். ஒருமுறைகூட அது நனைந்ததில்லை. அவரும் சளைத்ததில்லை. மறுநாள் காலையில் அதே முகமலர்ச்சியோடு வானத்தை அண்ணாந்து பார்த்து, "இன்னைக்கு விடாது" என்பார்.

மகிழ்ச்சி முற்றினால் அவருடைய கத்தரி முடியை விட்டுவிட்டுக் காற்றை வெட்டத் தொடங்கும். சக் சக் சக். குளத்தில் ஏதோ ஒன்று துள்ளியிருக்கும், அல்லது வரப்பில் புல் முளைத்திருக்கும். விளைவு, ஊரில் பாதி ஆண்களுக்குக் கிருதா ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கும். பஸ் நிறுத்தத்தில் குளுகுளு வசதியோடு புதுக்கடை ஒன்று வந்தபோது பால்காரர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "நல்லாத்தான் வெட்டுறான். ஆனா வெட்டி முடிக்கிற வரைக்கும் என்னையவே பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றான்."

மழை தாமதமான ஒரு வருடம். குளத்தின் நடுவில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சலூன்காரர் மாலைதோறும் நாற்காலியைக் குளத்துப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வாடிக்கையாளர் இல்லாதபோது தானே அதில் உட்கார்ந்திருப்பார்.

அந்த நாட்களில்தான் மைத்துனனுக்கு நகரத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. முன்பே இரண்டு இடங்களில் கையை விரித்துவிட்டார்கள். "படிச்சியே, அப்புறம்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கடைத்தெருப் பக்கம் போவதையே விட்டிருந்தான். இதுவும் போனால் இனி யாருக்கும் எழுதிப் போடுவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தான். முதல்நாள் சாயங்காலம் தலையைக் கொடுக்க வந்தபோது, அக்கா தடுப்புக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இந்தாங்க. நாளைக்கு என் தம்பி தல ஒழுங்கா இல்லன்னா, உங்க தல உங்க கழுத்துல நிக்காது. சொல்லிட்டேன்."

"சத்தியமா இன்னைக்குத் திரும்ப மாட்டேன்" என்றார் சலூன்காரர். முதன்முறையாக நாற்காலி கண்ணாடியைப் பார்த்து நின்றது.

வலது பக்கம் அருமையாக வந்தது. கோடு போட்டது போலக் கிருதா. இவருக்கு இப்படியெல்லாம் வெட்டத் தெரியுமா என்று பால்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆனால் கண்ணாடிக்குள் குளத்து ஜன்னலும் தெரிந்தது. ஜன்னலுக்குள் கறுப்பாக ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. சலூன்காரர் அதைப் பார்த்தார். மறுவினாடி ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடியை மூடினார்.

"காத்துல ஏதோ வாசன வருதுண்ணே" என்றார் பால்காரர்.

"பேசாம இரு. நான் மூக்கால வெட்டல."

தகரத்தில் ஒரு துளி, யாரோ விரலால் சுண்டியது போல. கத்தரி அந்தரத்தில் நின்றது. மைத்துனன் குனிந்து பார்த்தான். மாமா செருப்பைக் கழற்றியிருந்தார். இன்னொரு துளி. சீப்பு இடது பக்கத்துக்குப் போனது; திரும்பி வந்தது. பருவக்காற்றைப் பற்றி அம்புக்குறி போட்டுப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவன்தான் மைத்துனன். அந்தக் காற்று, புதிதாக முடியெடுத்த பின்கழுத்தில் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

"போங்க மாமா."

"உங்க அக்கா கொன்னுருவா மாப்ள."

தையல் மிஷினின் சத்தம் நின்றுபோயிருந்ததை இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள். பால்காரர் வாசலை எட்டிப் பார்த்தார்.

"அண்ணி அப்பவே வெளிய நிக்கிறாங்க!"

கழுத்தில் அளவு நாடாவோடு, நடுத்தெருவில், வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றிருந்தாள் அக்கா.

பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. பால்காரர் வெறும் கேனைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டு ஓடினார். மைத்துனன் கழுத்தில் கட்டிய துணியோடு ஓடினான். அது பின்னால் ராஜா அங்கிபோலப் பறந்தது. சலூன்காரர் வரப்பில் ஏறி, "சொன்னேன்ல! நான்தான் சொன்னேன்ல!" என்று கத்தினார். தினமும் சொன்னவர் என்றாவது ஒருநாள் ஜெயிக்கத்தானே வேண்டும்? அந்தக் குஷியில் இரண்டு கைகளையும் வீசினார். கத்தரி அவர் விரலை விட்டுக் கிளம்பி, ஒருமுறை மின்னி, சேறாகிக்கொண்டிருந்த வயலுக்குள் எங்கேயோ போய் விழுந்தது.

மின்சாரமும் போய்விட்டது. முடி வெட்டும் மெஷினும் ஓடாது. பஸ் நிறுத்தத்துக் கடையும் மூடியாகிவிட்டது. வேறு வழியில்லாமல் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அக்காவே தையல் கத்தரியை எடுத்தாள். காதிலிருந்து கழுத்துக்கு அளவெடுத்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டாள்.

"அசையாதடா. துணி இவ்ளோ தும்மாது."

"சட்டைக்குக் கை வெட்டுற மாதிரி வெட்டிராதக்கா."

"பேசுனா காலரும் வச்சிருவேன்."

மறுநாள் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் அவனுடைய சான்றிதழ்களைப் பார்க்கவேயில்லை. அவன் வலது காதைப் பார்த்தார். இடது காதைப் பார்த்தார். "தலைக்கு என்னப்பா ஆச்சு?" அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில்களில் இதற்கு ஒன்றும் இல்லை. "நேத்து எங்க ஊர்ல மழை வந்துச்சு மேடம்" என்று ஆரம்பித்தான். முடிப்பதற்குள் ஓரத்தில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கத்தரி கிடைச்சுதா?" என்றார்.

வேலை கிடைத்தது. படித்த படிப்புக்குக் கொடுத்தார்களா, அந்தத் தலைக்குக் கொடுத்தார்களா என்று நகரத்து அறையில் படுத்துக்கொண்டு இன்றும் யோசிப்பான். மாமாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. "என் வலது பக்கத்தப் பாத்துத்தான் குடுத்தாங்க. இடது பக்கம் உனக்கு நான் பாக்கி. வேற எவன்கிட்டயாவது தலையக் குடுத்த, உறவு முறிஞ்சிரும்."

அன்றிலிருந்து அவனைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தாலும், தெருக்கோடியில் பார்த்தாலும், சலூன்காரர் முதலில் தன் இடது காதைத் தொட்டுக் காட்டுவார். கடன் ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம். பனிக்காலத்தில் வந்தான், வலது பக்கம் முடிந்ததும் வாசல் வழியாக மேகம் மாதிரி ஒன்று உள்ளே நுழைந்தது, மாமாவைக் காணவில்லை. பூக்கிற காலத்தில் வந்தான். ஜன்னல் விளிம்பில் வந்து உட்கார்ந்த ஏதோ ஒரு "சுருட்டைத் தலையன்" காரியத்தைக் கெடுத்தான். ஒவ்வொரு முறையும் மீதியை அக்காவின் சாக்குக்கட்டிதான் முடித்தது. அலுவலகத்தில் அவன் முடி வெட்டியிருக்கும் விதத்தை நகரத்துப் புது நாகரிகம் என்று நினைத்து இரண்டு பேர் பின்பற்றத் தொடங்கியிருந்தார்கள்.

போன கோடையில் வந்தபோது அக்கா தடுப்புக்கு மேலிருந்து, "இன்னைக்காவது அடைச்சுத் தொலைங்க" என்றாள். சலூன்காரர் ஜன்னலைச் சாத்தினார். நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் நிறுத்தினார். "இந்தத் தடவ இடது பக்கத்துலதான் தொடங்கப்போறேன் மாப்ள." சீப்பை வைத்து, ஒரு கற்றையைத் தூக்கிப் பிடித்து, கத்தரியை விரித்தார்.

எதிரே இலவங்காய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. பஞ்சு ஒன்று, வாசல் வழியாக, அவசரமே இல்லாமல் வந்தது. கத்தரியின் இரண்டு அலகுகளுக்கும் நடுவே உட்கார்ந்தது.

மைத்துனன் கண்ணாடியில் மாமாவின் முகத்தைப் பார்த்தான். இனி அவருடைய இடது கால் எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். நாற்காலி லேசாகச் சுழலட்டும் என்று தன் இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டான்.

உதை விழுந்தது. தெரு முழுக்கப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. கத்தரியை அவன் மடியில் வைத்துவிட்டு, அண்ணாந்தபடியே தெருவில் ஓடிய சலூன்காரர், திரும்பிப் பார்க்காமல் கையைத் தூக்கித் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.