பூமயிலும் வெள்ளைப் பொடியும்

பூமயிலை ராங்கிக்காரி என்று சொல்லாதவர்கள் திருப்பாலைக்குடியில் கிடையாது. சொல்லட்டுமே! ஊரே மண்டையை ஆட்டியபோது வாயைத் திறந்து கேட்டவள் அவள் ஒருத்திதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் மலேரியா ஒழிப்புக்காரர்கள் வந்து வீடு வீடாகச் சுவரில் டிடிடி மருந்து அடித்தார்கள். கொசுவோடு ஈயும் ஒழிந்தது. கருவாடு காயப்போடும் பெண்களுக்கு ஈதானே எமன்! மொய்த்தால் புழு வைத்துவிடும். மருந்தடிக்க வந்த ராக்கப்பனிடம் கெஞ்சி, தண்ணீரில் கரைத்து அடிக்கும் அந்த வெள்ளைப் பொடியை வாங்கி, உப்போடு கலந்து மீனிலேயே தூவ ஆரம்பித்தார்கள். புழு இல்லாத கருவாட்டை வியாபாரிகள் போட்டி போட்டுக்கொண்டு எடுத்தார்கள்.

பூமயிலும் தூவினாள். அந்தக் கருவாட்டைத் தின்ற அவள் வீட்டுப் பூனை வெடவெடவென்று நடுங்கிச் செத்தது. பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த மகள் முத்தழகுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது.

நேரே ராக்கப்பனிடம் போய்க் கேட்டாள். அவர் ஒரு சிட்டிகைப் பொடியை நாக்கில் போட்டு விழுங்கிக் காட்டினார்.

"பாருத்தா, செத்தா போயிட்டேன்?"

"நீங்க இன்னைக்கு ஒரு சிட்டிகை தின்னுட்டுப் போயிருவீக. எம் மக தெனமும் திங்கிறாளே, வயித்துல புள்ள வேற. அதுக்கு என்ன சொல்றீக?"

அவர் மருந்துப் பம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். சுற்றி நின்றவர்கள் பூமயிலைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நியாயமான கேள்வி. பாவி அதோடு நிறுத்தினாளா? தின்றால் கெடுதல் என்றால் சுவரில் அடித்தாலும் கெடுதல்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். செத்த ஒரு பூனையை வைத்து இரண்டுக்கும் தீர்ப்பு எழுதிவிட்டாள். அடுத்த முறை மருந்தடிக்க வந்தபோது வாசலை மறித்து நின்றாள்.

"புள்ளத்தாச்சி இருக்க வீடு. உள்ள கால் வைக்காதீக."

ராக்கப்பன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "கொசு சும்மா விடாதுத்தா" என்றார். அவள் நகரவில்லை.

ஐப்பசி மழையில் முத்தழகுக்கு மலேரியாக் குளிர்காய்ச்சல் கண்டது. திருவாடானை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். போகிற வழியிலேயே தாயும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள். அந்தத் தெருவில் மருந்தடித்த வேறு எந்த வீட்டிலும் அந்த வருடம் காய்ச்சல் இல்லை. இதை என்னவென்று சொல்ல!

மறு வருடம் பூமயில் தானே கதவைத் திறந்துவிட்டு, "அடிங்கய்யா" என்றாள். ஆனால் மீனில் மட்டும் பொடி போடவில்லை. பக்கத்தில் காயப்போட்டுக்கொண்டிருந்த மீனம்மாளிடமும் போய்ச் சொன்னாள்.

"சொவத்துல அடிக்கட்டும்டி. திங்கிற பொருள்ல வேணாம்."

மீனம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "மருந்து வேணாம் வேணாம்னுதானே மகளத் தூக்கிக் குடுத்த? இப்ப எங்களுக்குச் சொல்ல வந்துட்டியாக்கும்."

சொல்லிவிட்டு, பூமயிலின் கண்ணெதிரிலேயே இன்னொரு கை பொடியை அள்ளிச் சாளை மீனின் மேல் தூவினாள்.